பல் இம்ப்ளான்ட்: ஆழமாக வைத்தால் உறுதியா? ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் ‘பல்லு கட்டணும்’ என்றால் இரண்டே வழிகள். ஒன்று கழற்றி மாட்டும் செட். இல்லையென்றால் பக்கத்துப் பற்களை ராவி, மூன்றையும் சேர்த்துக் கட்டும் பிரிட்ஜ். இம்ப்ளான்ட் வேண்டும் என்றால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அளவுள்ள ஊர்களிலேயே இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். மாதத் தவணையும் உண்டு.

விளம்பரங்களில் மூன்று விஷயங்கள் இருக்கும்: என்ன விலை, எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை நாளில் பல். நாலாவதாக ஒன்று எந்த போர்டிலும் இருக்காது. அந்த டைட்டானியம் திருகின் தலை, தாடை எலும்பின் விளிம்புக்கு மேலேயா, சமமாகவா, கீழேயா, எத்தனை மில்லிமீட்டர் கீழே உட்காரப்போகிறது என்பதுதான் அது. பத்து வருடம் கழித்து அந்தப் பல் வாயில் இருக்குமா, சுற்றியுள்ள எலும்பும் ஈறும் மிஞ்சுமா என்பதில் விலையைவிடவும் தயாரித்த நாட்டைவிடவும் இந்த நாலாவது விஷயத்துக்குப் பங்கு அதிகம்.

“ஆழமா வச்சா ஆடாம நிக்கும்ல டாக்டர்?” என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலிக்கு நடும் கல்தூணை ஆழமாக ஊன்றினால்தான் காற்றுக்குச் சாயாது. ஆனால், தாடை எலும்பு மண் இல்லை. அதற்கு உயிர் உண்டு. தனக்கு ஒத்துவராத பொருள் பக்கத்தில் இருந்தால் அது விலகிப் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆழம் என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. திருகு எவ்வளவு நீளம், 8 மி.மீ.யா, 10 மி.மீ.யா, 12 மி.மீ.யா என்பது ஒன்று. திருகின் மேல் விளிம்பு எலும்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இன்னொன்று. உறுதிக்கு நீளமும் விட்டமும் எலும்பின் அடர்த்தியும் உதவும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் பேசுவது இரண்டாவதைப் பற்றி. எலும்பும் ஈறும் பிழைப்பது அதைப் பொறுத்துத்தான்.

எலும்பு ஏன் இரும்பை ஏற்பதில்லை, டைட்டானியத்தை ஏற்கிறது?

1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. டைட்டானியத்தின் மேற்பரப்பில் தானாகப் படியும் ஆக்சைடு படலத்தை உடல் அந்நியப் பொருளாகப் பார்த்து ஒதுக்குவதில்லை. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் முதன்முதலாக இந்த முறையில் பல் வைக்கப்பட்டது. 2006-ல் அவர் இறக்கும்வரை அந்தத் திருகுகள் வேலை செய்தன. இம்ப்ளான்ட் என்ற தொழில்நுட்பமே கெட்டது என்று பயப்பட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சரியாக வைத்தால் ஆயுசுக்கும் நிற்கும் பொருள்தான் இது.

ஆனால், எலும்பு ஏற்றுக்கொள்வது திருகைத்தான். எலும்பு முடிந்து ஈறு தொடங்குகிற இடத்தில் கதை வேறு.

ஈறு கேட்கும் மூன்று மில்லிமீட்டர்

இயற்கையான பல்லைச் சுற்றி ஈறு சும்மா சாய்ந்து நிற்பதில்லை. அதன் நார்கள் பல் வேரின் மேற்பரப்பில் குறுக்காகப் புகுந்து, ஆணி அடித்தது மாதிரிப் பிடித்திருக்கின்றன. அதற்கு மேல் மெல்லிய தோல்படலம் ஒட்டி நிற்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து எலும்புக்கு மேலே ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்துக்கு ஒரு முத்திரை போட்டிருக்கின்றன. 1961-ல் கார்ஜியூலோவும் அவருடைய சகாக்களும் அளந்து சொன்ன சராசரி 2.04 மி.மீ. வாயில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருந்தும் அவை நேராக எலும்புக்குள் இறங்காததற்கு இந்த முத்திரைதான் காரணம்.

இம்ப்ளான்ட்டில் இந்த நார்கள் உலோகத்துக்குள் புக முடியாது. திருகுக்கு இணையாக, வளையம் மாதிரி சுற்றி நிற்கும். பிடிப்பு பலவீனம். அதை ஈடுகட்ட, உடல் கொஞ்சம் கூடுதல் உயரம் கேட்கிறது. மேலே உள்ள பள்ளத்தையும் சேர்த்தால் 3 முதல் 4 மி.மீ. வரை.

இங்கேதான் சிக்கல். அந்த உயரத்துக்கு ஈறு இல்லை என்றால் என்ன ஆகும்? உடல் சமரசம் செய்துகொள்ளாது. ஈறு மேலே வளராது, எலும்பு கீழே இறங்கும். முத்திரைக்கு வேண்டிய இடத்தை எலும்பைக் கரைத்து உண்டாக்கிக்கொள்ளும். 1996-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெர்க்லுண்ட், லிண்டே இருவரும் நாய்களில் இதைக் காட்டினார்கள். ஈற்றை வேண்டுமென்றே மெல்லியதாக்கிய இடங்களில் எலும்பு கரைந்து, முத்திரையின் உயரம் மட்டும் பழைய அளவுக்கே வந்து நின்றது. லித்துவேனியாவின் டாமஸ் லின்கெவிசியஸ் குழு 2009-ல் மனிதர்களில் பார்த்தபோது, ஈறு 2 மி.மீ. அல்லது அதைவிட மெல்லியதாக இருந்த இடங்களில் முதல் வருடத்திலேயே 1.45 மி.மீ. வரை எலும்பு இறங்கியிருந்தது. தடித்த ஈறு உள்ள இடங்களில் இழப்பு மிகக் குறைவு.

அப்படியென்றால் எவ்வளவு ஆழம் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. உங்கள் ஈறு எவ்வளவு தடிமன் என்று அளந்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும். திருகு வைப்பதற்கு முன், ஈற்றைத் திறக்கும்போது, கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை வைத்துப் பார்த்தால் போதும். அரை நிமிட வேலை. மெல்லிய ஈறு என்று தெரிந்தால் மருத்துவர் திருகை இன்னும் கொஞ்சம் இறக்கலாம், அல்லது ஈற்றைத் தடிப்பாக்கும் சிகிச்சையை முதலில் செய்யலாம். அளக்காமலே வைத்தால் எலும்பு பிறகு தானே அளந்துகொள்ளும்.

இணைப்பு எங்கே இருக்கிறது?

பெரும்பாலான இம்ப்ளான்ட் ஒரே துண்டு இல்லை. எலும்புக்குள் இருப்பது திருகு. அதன் மேல் பொருத்தும் தண்டுக்கு அபட்மென்ட் என்று பெயர். அதற்கும் மேலேதான் நாம் கேப்பு என்று சொல்லும் கிரவுன். திருகும் அபட்மென்ட்டும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதனுக்குத் தெரியாதே தவிர, பாக்டீரியாவுக்கு அது தாராளமான வீடு. மெல்லும்போது அந்த இணைப்பு மிக லேசாக அசையும். அசையும்போதெல்லாம் உள்ளே இருப்பது வெளியே கசியும்.

அமெரிக்காவில் ஹெர்மன், காக்ரன் உள்ளிட்டோர் 1990-களின் கடைசியில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பழைய வகை சமதள இணைப்புகளில், இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. கீழே போய் எலும்பு நின்றுகொள்கிறது. இடைவெளியை எலும்புக்கு மேலே வைத்தால் எலும்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இடைவெளியை எலும்புக்குள் புதைத்தால், புதைத்த ஆழத்துக்கு ஏற்ப எலும்பும் கீழே போகிறது. உறுதிக்காக ஆழமாக வைக்கப்போய், உறுதி தர வேண்டிய எலும்பையே இழக்கிற நிலை இதுதான்.

இதற்கு ஒரு மாற்று கிடைத்த விதம் சுவாரஸ்யமானது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று 5 மி.மீ., 6 மி.மீ. விட்டமுள்ள அகலத் திருகுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே அகலத்தில் அபட்மென்ட் கையில் இல்லை. சரி, இருப்பதை வைப்போம் என்று 4.1 மி.மீ. அபட்மென்ட்டைப் பொருத்தினார்கள். பெரிய தட்டில் சின்னக் கிண்ணம் வைத்தது மாதிரி. பல வருடம் கழித்து எக்ஸ்ரே பார்த்தால், இந்தப் பொருந்தாத ஜோடிகளைச் சுற்றித்தான் எலும்பு நன்றாக நின்றிருந்தது. இடைவெளி உள்பக்கம் தள்ளிப்போனதால் பாக்டீரியா கசிவும் எலும்பிலிருந்து விலகிப்போனது என்பது விளக்கம். லசாரா, போர்ட்டர் இருவரும் 2006-ல் இதை எழுதிய பிறகு, பற்றாக்குறையில் செய்த காரியம் ‘பிளாட்ஃபார்ம் ஸ்விட்சிங்’ என்ற பெயரில் வடிவமைப்பு விதியாகிவிட்டது. கூம்பு வடிவில் இறுக்கமாகச் சேரும் இணைப்பும் கூடவே பரவலானது.

இன்று சந்தையில் இருக்கும் பல திருகுகள் இந்த வகை. அவற்றை எலும்பு விளிம்புக்கு 1 முதல் 2 மி.மீ. கீழே வைக்கும்படி தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. அந்த வகையில் அது சரி. ஆனால், கழுத்துப் பகுதி பளபளவென்று வழவழப்பாக உள்ள இன்னொரு வகையும் இருக்கிறது. அந்தக் கழுத்து ஈற்றுக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதையும் எலும்புக்குள் இறக்கிவிட்டால், வழவழப்பான பரப்பை எலும்பு பிடிக்காது. அந்த நீளத்துக்குக் கரைந்து இறங்கிவிடும்.

ஆக, ஒரு கம்பெனித் திருகில் சரியாக இருக்கும் ஆழம் இன்னொரு கம்பெனித் திருகில் தப்பு. “கொரியாவா, சுவிஸ்ஸா, இஸ்ரேலா” என்று கேட்பதில் பாதிப் பயன்தான். அந்தத் திருகை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்று செய்தவர் சொல்லியிருக்கிறார், நம் மருத்துவர் எந்த மட்டத்தில் வைக்கப்போகிறார் என்பது மீதிப் பாதி.

ஆழம் கூடினால் பராமரிப்பு யார் கையில்?

எலும்பு கரைவதை விட்டுத்தள்ளினாலும், ஆழத்துக்கு இன்னொரு விலை இருக்கிறது. ஆழமாக வைத்த திருகின் மேல் ஈறு உயரமாக நிற்கும். ஈற்று விளிம்பிலிருந்து இணைப்பு வரை 5, 6 மி.மீ. கிணறு. பிரஷ் அவ்வளவு தூரம் இறங்காது. காற்று இல்லாத அந்த இடுக்கில் வளரும் பாக்டீரியா, மேலே வளர்வதைவிட மோசமான ரகம்.

அதோடு சிமென்ட். பல கிளினிக்குகளில் கிரவுனைச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள். அழுத்தும்போது பிதுங்கி வரும் மிச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரவுனின் விளிம்பு ஈற்றுக்குக் கீழே எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்கு மிச்சம் உள்ளேயே தங்கும் வாய்ப்பும் கூடுகிறது. எக்ஸ்ரேவில் எல்லாச் சிமென்ட்டும் தெரியாது. 2009-ல் தாமஸ் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், புண்பட்ட இம்ப்ளான்ட்களை நுண்கேமரா விட்டுப் பார்த்தார். நோய் இருந்த இடங்களில் 81 சதவீதத்தில் சிமென்ட் மிச்சம் இருந்தது. சிமென்ட்டை எடுத்த பிறகு பெரும்பாலானவற்றில் அழற்சி அடங்கியது. திருகு வைத்தது சரி, கேப்பு ஒட்டியது தப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஆழத்தில் பின்னிக் கிடக்கின்றன. ஒட்டாமல் திருகியே முடுக்கும் கிரவுனில் இந்தத் தொல்லை இல்லை. தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்யவும் முடியும். வாய்ப்பிருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

மேலோட்டமாக வைத்தாலும் ஆபத்துதான். உலோகக் கழுத்து ஈற்று வழியே சாம்பல் நிறமாகத் தெரியும். சொரசொரப்பான பகுதி வெளியே வந்தால் அதில் காரை பிடிக்கும். முன்பல்லில் இது முகத்துக்கே வரும் பிரச்சினை. வரப்போகும் கிரவுனின் ஈற்று விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. கீழே திருகின் தலை என்பது முன்பற்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு திருகுகளுக்கு நடுவே 3 மி.மீ. என்பவையும் அதே மாதிரி நடைமுறைக் கணக்குகள்.

ஈற்றில் மட்டும் அழற்சி, எலும்பு பத்திரம் என்ற கட்டத்தில் பிடித்தால் சரிசெய்துவிடலாம். எலும்பும் கரையத் தொடங்கிவிட்டால் அதற்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று பெயர். அதை முழுதாகத் திருப்பக்கூடிய நிச்சயமான சிகிச்சை இன்னும் இல்லை. உலகளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் டெர்க்ஸ், டோமாசி இருவரும் சொன்ன மதிப்பீடு: இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேருக்கு ஈற்றழற்சி, 22 சதவீதம் பேருக்கு எலும்பு இழப்பு. ஆய்வுக்கு ஆய்வு எண்கள் ரொம்பவே மாறுபடுகின்றன. ஆனாலும், அரிதான சிக்கல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். பல் போனவர்களும் சர்க்கரைக்காரர்களும் பெரும்பாலும் ஒரே வயதுக்காரர்கள். (பால்கோவா ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.) இவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறு, மற்றவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறு மாதிரி இருக்காது.

கீழே நரம்பு, மேலே காற்றறை

இதுவரை பார்த்தது திருகின் தலைப்பக்கம். நுனிப்பக்கத்தில் வேறு எல்லை. கீழ்த்தாடைக்குள் ஒரு குழாயில் நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். திருகின் நுனி அந்தக் குழாய்க்கு 2 மி.மீ. மேலேயே நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு அளவு. அதை மீறினால் உதடு மரத்துப்போகலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருந்துவிடும். மேல்தாடைக் கடைவாய்ப் பக்கம், கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை எல்லை.

இதில் வெளியே தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. துளை போடும் டிரில்லில் ‘10 மி.மீ.’ என்று கோடு இருந்தால் துளையும் 10 மி.மீ. என்று நினைப்போம். பல டிரில்களில் கூர்முனை அந்தக் கணக்கில் சேராது. கோட்டைத் தாண்டி ஒரு மி.மீ. வரை கூடுதலாக இறங்கும். அடுத்தது, முழுத்தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. படம். அது உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும், 20 முதல் 25 சதவீதம் வரைகூட. படத்தில் 12 மி.மீ. எலும்பு இருப்பதாகத் தெரிந்தால் நிஜத்தில் 10-க்கும் கீழே இருக்கலாம். அளவு தெரிந்த ஓர் உலோகக் குண்டை வாயில் வைத்துப் படம் எடுத்து விகிதம் பார்ப்பது பழைய உத்தி. முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் இதைவிட நம்பகமானது. எலும்பின் அகலத்தையும் அதில்தான் பார்க்க முடியும்.

அகலம் ஏன் முக்கியம்? பல் போன இடத்தில் எலும்பு காத்துக்கொண்டிருக்காது. பிடுங்கிய பிறகு முதல் வருடத்துக்குள் மேட்டின் அகலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும் என்று 2003-ல் வெளியான டென்மார்க் ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் பல்லைப் பிடுங்கிவிட்டு, ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், “பிள்ளை கல்யாணம் முடியட்டும்” என்று பத்து வருடம் கழித்துத் திரும்பி வருவது சாதாரணம். அதற்குள் மேடு கத்தி முனை மாதிரி ஆகியிருக்கும். திருகுக்கு வேண்டிய அகலம் கிடைக்கும்வரை கீழே கீழே இறக்குகிற தூண்டுதல் மருத்துவருக்கு அங்கேதான் வருகிறது. எலும்பைச் சேர்த்துக் கட்டும் சிகிச்சைக்குக் கூடுதல் செலவும் மாதங்களும் ஆகும் என்பதால், ஆழமாக வைத்து முடித்துவிடலாம் என்று இரு தரப்புமே சம்மதித்துவிடுகிறது.

யார் வைக்கலாம், யார் கணக்கு வைக்கிறார்கள்?

இந்தியாவில் எம்.டி.எஸ். மேற்படிப்பில் ஒன்பது பிரிவுகள் உண்டு. இம்ப்ளான்ட்டுக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. ஈறு சிகிச்சை, செயற்கைப் பல், முகத்தாடை அறுவைச் சிகிச்சை படிப்பவர்கள் தங்கள் பாடத்தின் ஒரு பகுதியாக இதைக் கற்கிறார்கள். பி.டி.எஸ். முடித்துப் பதிவு செய்தவரும் வைக்கலாம், சட்டத் தடை இல்லை. அவர்களில் பலர் சில நாள், சில வார வகுப்புகளில் கற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள். இம்ப்ளான்ட் நிறுவனங்களே நடத்தும் வகுப்புகளும் உண்டு. குறுகிய வகுப்பில் படித்த எல்லோரும் மோசம் என்றோ, எம்.டி.எஸ். என்றாலே பிழை இல்லை என்றோ சொல்ல முடியாது. ஆனால், எந்தத் திருகுக்கு எந்த மட்டம் என்பதைத் திருகு விற்பவரே சொல்லித்தரும் ஏற்பாடு எனக்கு நல்லதாகப் படவில்லை.

1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாக, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. கல்வித் தரம், தேர்வு, பதிவேடு எல்லாம் அதில் பேசப்படுகின்றன. ஆனால், எத்தனை இம்ப்ளான்ட் வைக்கப்பட்டன, எத்தனை ஐந்தாவது வருடத்தில் கழன்றன என்று கணக்கு வைக்கும் தேசியப் பதிவேடு நம்மிடம் இல்லை. கழன்றால் அது நோயாளிக்கும் கிளினிக்குக்கும் இடையிலான சங்கதியாகவே முடிந்துவிடுகிறது.

பதிவு இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு வாணியம்பாடி ஓர் எச்சரிக்கை. அங்கே ஒரு பல் கிளினிக்கில் 2022-23-ல் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று பரவியதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் தேடிக் கண்டுபிடித்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலைத் திறக்க, ஈற்றை எலும்பிலிருந்து பிரிக்கும் கருவி பயன்படுத்தப்பட்டதும் அந்தச் சலைன் மாசுபட்டதும் காரணம் என்று 2025-ல் லான்செட் குழும இதழில் வெளியான கட்டுரை சொன்னது. இம்ப்ளான்ட் வைக்கும்போதும் அதே கருவியால்தான் ஈற்றைத் திறப்பார்கள், அதே சலைனைத்தான் துளையில் ஊற்றிக் குளிரவைப்பார்கள். அது தொற்று, இது ஆழம், இரண்டும் வேறு. ஆனால், சின்னக் கிளினிக்கின் சுவர்களுக்குள் நடந்தது வெளியே தெரிய உயிர்கள் போக வேண்டியிருந்தது. எலும்பு கரைவது யாரையும் கொல்லாது என்பதால் அதைத் தேடிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பல் மருத்துவத்துக்கான அரசுக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. மடவார் வளாகத்துக்காரர் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமென்றால், நடைமுறையில் மதுரையில் இன்னொரு தனியார் மருத்துவர்தான்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

அதனால் பதிவை நோயாளியே வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி. ஒவ்வொரு திருகின் டப்பாவிலும் தயாரிப்பாளர் பெயர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். ஒன்றை உங்கள் பைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு மகன் வீட்டோடு சென்னைக்கோ துபாய்க்கோ போய், அங்கே கேப்பு ஆடினால், எந்த ஸ்பேனர் பொருந்தும் என்று தெரியாமல் அங்குள்ள மருத்துவர் விழிக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, கிரவுன் பொருத்திய நாளன்று எடுக்கும் எக்ஸ்ரே. திருகின் மரைகள் தெளிவாகத் தெரியும்படி நேராக எடுத்த சின்னப் படம். 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் கூடி வகுத்த வரையறைகள் இந்த முதல் படத்தைத்தான் அடித்தளமாக வைக்கின்றன. பின்னால் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும். முதல் வருடத்தில் எலும்பு கொஞ்சம் இறங்குவது சகஜம். அதன் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது 1986-ல் ஆல்பிரெக்ட்சன் குழு சொன்ன அளவுகோல். முதல் படம் இல்லையென்றால், எலும்பு 3 மி.மீ. அளவுக்கு இறங்கி, அளவுக்கம்பி 6 மி.மீ. உள்ளே போய், ரத்தமோ சீழோ கசிந்த பிறகுதான் நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அவ்வளவு தூரம் போக விடுவானேன்? அளவுக்கம்பியை வைத்துப் பார்க்கும் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ளலாம்.

சட்டத்திலும் இந்தக் காகிதத்துக்கு வேலை இருக்கிறது. காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம். எலும்பு இழப்போ மூன்றாவது, நாலாவது வருடத்தில்தான் வெளியே தெரியும். அப்படியானால் கதவு மூடிவிட்டதா? சிகிச்சையின்போது தெரியாத பாதிப்பு என்றால், நோயாளிக்கு அது தெரியவந்த நாளிலிருந்தோ, அக்கறையோடு இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ காலம் எண்ணப்படும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வயிற்றுக்குள் துணி விட்டுத் தைத்துவிட்டதாக ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஒன்பது வருடம் வலியோடு இருந்தும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் விட்டார் என்று சொல்லி, அவருடைய புகாரைக் காலாவதி என்று அதே தீர்ப்பு தள்ளுபடி செய்தது. பல் தேய்க்கும்போது இம்ப்ளான்ட்டைச் சுற்றி ரத்தம் வந்தால், அந்தத் தேதியையும் ஸ்டிக்கர் ஒட்டிய அதே பைலில் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வாரமே படம் எடுத்துவிடுங்கள்.